ஐம்பத்திரண்டாவது நிமிடம்

கீவ்ஸ்டன், டாஸ்மேனியா
4 மார்ச் 2018

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

உன் முகவரியை ஜாய்ஸ் கொடுத்தாள். அவளைத் திட்டாதே, பாவம். பெரியம்மா என்ற உரிமையில் ஆறு மாதம் நச்சரித்து வாங்கினேன். போன் நம்பரும் கேட்டேன். "அது மட்டும் முடியாது பெரியம்மா, அக்கா என்னைக் கொன்னுடும்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம்.

மேய்ப்பர் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவரை நம்பித் தோட்டத்தில் கிடந்த நம் கூட்டம் கலைந்துவிட்டது, ஆப்பிள் மரங்களை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். எனக்கு இங்கே ஒற்றை அறை வீடு. வாரம் மூன்று நாள் நன்கொடைச் சாமான் கடையில் வேலை. சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. பெட்டி பெட்டியாக டிவிடி வந்து விழுகிறது, இப்போது யாருக்கும் அது வேண்டாமாம். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, கீறல் இல்லை என்றால்தான் அலமாரியில் வைப்போம். அந்த வேலை என்னுடையது. தோட்டத்தில் இருந்த இருபத்தேழு வருஷமும் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. இப்போது வட்டியும் முதலுமாகப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒன்று வந்தது. ஒரு கள்ள மேய்ப்பன், அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் அறுபது பேர். கடையில் மின்சாமான்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுகிற மெர்வ் என்ற கிழவரும் கூட உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இப்படியும் மடையங்க இருப்பாங்களா மெர்வ்?" என்று கேட்டேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அப்புறம், "லோர்னா, மூணாவது வரிசையில சாம்பல் முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறது நீதானே?" என்றார்.

நானேதான். என் மூக்கு. பக்கத்தில் நீ, பதினோரு வயது, முட்டியில் சிராய்ப்போடு.

உனக்கு நினைவிருக்கும். தொண்ணூற்று மூன்றில் படக்காரர்கள் வந்து, கூட்டமாக நிற்க ஆள் கேட்டார்கள். மேய்ப்பர் எங்களைக் கூட்டி வைத்து என்ன சொன்னார்? "அடுத்த பள்ளத்தாக்குல ஒரு கூட்டம் வழி தவறிக் கிடக்கு. அவங்களைப் பத்தின படம். நாம நடிச்சுக் காட்டினா ஜனங்களுக்குப் புத்தி வரும்." நாங்களும் போட்டி போட்டுக்கொண்டு நடித்தோம். உடுத்தியது எங்கள் உடை, நின்றது எங்கள் கூடம், அடித்தது எங்கள் மணி. அறுபது பேரில் ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

டிவிடியை வீட்டுக்குக் கொண்டு வந்து இன்னும் நாலு தடவை பார்த்தேன். உன் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை அல்லவா.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஹெஸ்டர். ஆனாலும் பதினாறு வயதில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். வா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் வந்திருப்பேனோ என்னவோ. அதுதான் மனதில் கிடந்து அறுக்கிறது.

அம்மா


பிளஃப், நியூசிலாந்து
19 மார்ச் 2018

சகோதரி லோர்னாவுக்கு,

பெற்றவளையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். பழக்கம் விடவில்லை, மன்னிக்கவும்.

எனக்குச் சிப்பி திறக்கும் கொட்டகையில் வேலை. பருவம் தொடங்கிவிட்டது, எழுத நேரமில்லை. அதனால் சுருக்கமாக.

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். பதினாறு வயதில் அல்ல, பதினொன்றில். உங்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து. அப்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் இருக்கிறது. ஹோபார்ட்டுக்கு ஓடி வந்த புதிதில் கேசட் வாடகைக்கு எடுத்து ஒரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கு வரவில்லை.

நீங்கள் ஐந்து தடவை பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டுமா இப்படி எழுதினீர்கள்?

ஹெஸ்டர்


கீவ்ஸ்டன்
30 மார்ச் 2018

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தேன். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் மணி அடிக்கிறது. கள்ள மேய்ப்பன் கூடத்துக்குள் வருகிறான். நாலு வரி பேசுகிறான். "கண் திறவுங்கள்" என்கிறான். அடுத்தது சூப் பாத்திரங்களைத் தூக்கி வருகிறார்கள். இவ்வளவுதான். நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மெர்வ் சொல்கிறார், "சில டிவிடியில சீனை வெட்டிடுவாங்க லோர்னா, நீ அதுக்காக மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று. அப்படியும் இருக்கலாம். இல்லையென்றால் நீ சின்னப் பிள்ளை, வேறெதையோ நினைத்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். எனக்கும் அந்த நாட்களில் பல விஷயம் கலங்கிப்போய்த்தான் இருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

ஜாய்ஸ் இன்னொன்றும் சொன்னாள். எனக்கு ஆறு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாளாம், பெயர் மேவ். அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும், ஹெஸ்டர். ஒரே ஒரு நாள் போதும். என் ஆயுளில் இனி வேறு எதையும் கேட்கப் போவதில்லை. உன் வீட்டில் தங்கக்கூட மாட்டேன்.

அம்மா


பிளஃப்
14 ஏப்ரல் 2018

சகோதரி லோர்னாவுக்கு,

எதிர்பார்த்தேன். "நான் எதுவும் பார்க்கவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை." தோட்டத்தில் குழந்தைகள் அடிபட்டபோதும் இதே வசனம்தான். நான் குழப்பிக்கொண்டேனாம்!

குழப்பமில்லாமல் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனி வீடு, தாய்களுக்குத் தனி வீடு. வருஷத்தில் எத்தனை நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்? இயக்குநர்தான் குடும்பம் குடும்பமாக நிற்கட்டும் என்றார். அந்தப் பத்து நாள் எனக்குத் திருவிழாவாக இருந்தது. ஒப்பனை போட வந்த பிரான்வென் என் முதுகில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டாள். கடைசி நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மணிக்கு எங்க வேன் கிளம்புது. உங்கம்மாவைக் கூட்டிட்டு வா, ரெண்டு பேரையும் ஹோபார்ட்ல கொண்டுபோய் விடறேன். நீ மட்டும்னா முடியாதுடா கண்ணு, போலீஸ் கேஸாயிடும்" என்றாள்.

உங்களிடம் தனியாகப் பேச வழியே இல்லை. எப்போதும் யாராவது ஒருத்தர் கூட இருந்தார்கள். அப்போதுதான் அந்தக் காட்சி எடுத்தார்கள். எல்லாரும் கண் பளபளக்க அந்த நடிகரைப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நம்முடைய மணியை அடித்தார்கள். அடித்ததுதான் தாமதம், அறுபது பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிவிட்டீர்கள். மேய்ப்பர் உள்ளே வந்தால் அவரைப் பார்க்கக் கூடாதே! அது நடிகர் என்பதுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இயக்குநர் பிரமித்துப் போய்க் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டார்.

யாரும் பார்க்காத நேரம் அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. உங்கள் பக்கம் திரும்பிச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். சொன்னேன். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

ஆறு மணிக்கு வேன் போய்விட்டது. மணி அடித்தபோது கண் திறந்ததற்காக மறுநாள் என்னை ஆப்பிள் குளிர்கிடங்கில் நிறுத்தினார்கள். கண்ணை மூடியிருந்த அறுபது பேரில் ஒருத்தர் மட்டும் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை, உங்களிடமும் பேசப் போவதில்லை.

பத்திரிகைகளில் எழுதினார்கள், அந்தச் சிறுமியின் நடிப்புதான் படத்திலேயே சிறந்தது என்று.

மேவை நீங்கள் பார்க்க முடியாது. இனி எழுத வேண்டாம்.

ஹெஸ்டர்


கீவ்ஸ்டன்
2 மே 2018

ஹெஸ்டர்,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் கடைக்கே போகவில்லை. நோலீன் (கடையை நடத்துகிறவள்) மெர்வை அனுப்பி வைத்தாள். அவர் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் டிவிடியைப் போட்டேன். "நீயும் உக்காரு, என் பொண்ணு பொய் சொல்றாளான்னு நீயே பாத்துச் சொல்லு" என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

மணி அடித்தது. நடிகர் பேசினார். கண் திறவுங்கள் என்றார். சூப் வந்தது. "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்று திரும்பினேன். மெர்வ் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோர்னா, ஏன் கண்ணை மூடிக்கிட்டே?"

"நானா?"

"மணி அடிச்ச உடனே மூடிட்டே. தலையும் தொங்கிடுச்சு. தூங்கிட்டியோன்னு நெனச்சேன்."

"சும்மா உளறாதே மெர்வ்."

"சரி, இன்னொரு தரம் போடறேன். உன் கையைத் தொட்டுப் பாரு, எங்க இருக்குன்னு."

மறுபடி போட்டார். மணிச் சத்தம் அடங்கியபின் பார்க்கிறேன், என் இரண்டு கையும் நெஞ்சின் மேல் கோத்திருக்கிறது. நான் கோக்கவில்லை. அதுவாகக் கோத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தடவை விரலால் இமையைப் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டேன். முகம் தன்னால் கூரைப் பக்கம் திரும்பிவிட்டது. மெர்வ் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை.

எட்டு தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், ஹெஸ்டர். அந்த நாற்பது விநாடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருஷம் அந்த இடம் எனக்கு இருட்டாகவே இருந்ததால், இருட்டாக இருப்பதுதான் முறை என்று இருந்துவிட்டேன். செத்துப் புதைத்த ஆளுக்கு இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

"நான் சொல்லட்டுமா, அதுல என்ன வருதுன்னு?" என்று மெர்வ் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருத்தர் சொல்லி அதை நான் தெரிந்துகொள்ளக் கூடாது.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நீ குழப்பிக்கொண்டாய் என்று எழுதினேனே, அதற்கு என் கையை உடைக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

லோர்னா


பிளஃப்
20 மே 2018

லோர்னாவுக்கு,

கடிதம் கொட்டகைக்கு வந்தது. காலை டீ நேரத்தில் படித்தேன். அந்தக் கூரையைப் பார்த்த இடம் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது, கையுறையோடு கழிப்பறைக்கு ஓடினேன். என் கணவர் தமாட்டியும் அங்கேதான் வேலை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு மட்டும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறேன்" என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். மேவின் பள்ளிக்கூடத்தில் மின்சார மணிதான். இருந்தாலும் எனக்குப் போதாத காலம், விழா நாட்களில் தலைமை ஆசிரியை பழைய பித்தளை மணியை எடுத்து ஆட்டுவார். மற்ற தாய்மார்கள் எல்லாம் பிள்ளையைத் தேடி எட்டிப் பார்ப்பார்கள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேவ் வந்து என் விரலைப் பிடிக்கிறவரைக்கும் நிமிர மாட்டேன். தமாட்டிக்கே தெரியாது. வாசலில் கூட்டம் பிடிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். மற்றது எதுவும் மாறவில்லை.

ஒரு யோசனை. மணிச் சத்தம்தான் செய்கிறது என்றால், ரிமோட்டில் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஐம்பதாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பார்த்தால் எழுதுங்கள். பார்க்க முடியாவிட்டாலும் எழுதுங்கள்.

ஹெஸ்டர்


கீவ்ஸ்டன்
8 ஜூன் 2018

ஹெஸ்டர்,

பார்த்துவிட்டேன்.

முதல் நாள் நீ சொன்ன மாதிரி ஒலியை நிறுத்தியும் முடியவில்லை. நடிகர் கதவைத் திறந்த உடனே இமை விழுந்துவிட்டது. மறுநாள் ஒரு அஞ்சலட்டையை எடுத்து, திரையில் அந்த ஆள் வருகிற பக்கத்தை மறைத்து ஒட்டினேன். நின்றுகொண்டே பார்த்தேன், தோட்டத்தில் அந்த நேரத்தில் நிற்க அனுமதி இல்லை என்பதால். பட்டப்பகலில், ஜன்னல் திரையை விலக்கிவிட்டு. கண் திறந்தே இருந்தது.

இனி நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

அறுபது தலை குனிந்திருக்கிறது. ஒன்று மட்டும் நிமிர்ந்திருக்கிறது, அது உன்னுடையது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறாய். என் சட்டைக் கையை இழுக்கிறாய், மூன்று தடவை. எக்கி என் காதருகே வருகிறாய். சத்தம் இல்லாததால் உன் உதடு நன்றாகத் தெரிகிறது. 'சகோதரி' என்று சொல்ல உதட்டை மூட வேண்டியதில்லை. உன் உதடு மூடித் திறக்கிறது, மறுபடி மூடித் திறக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ என்னை அம்மா, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாய்.

அப்புறம் என் கை வருகிறது. கண்ணைத் திறக்காமலே உன் கையைப் பிடித்துத் தள்ளிவிடுகிறேன். மெதுவாகத் தள்ளவில்லை. நீ பின்னால் இருந்த பெஞ்சில் இடித்துக்கொள்கிறாய். நான் கசங்கிய சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டு மறுபடி கையைக் கோத்துக்கொள்கிறேன். அந்தச் சட்டையை நீவி விட்டேனே, அதை என்னால் மறக்க முடியாது.

நீ எழுந்து நின்று என்னைப் பார்க்கிறாய். பதினொரு விநாடி. எண்ணினேன். அப்புறம் உன் இடத்துக்கு வந்து, தலையைக் குனிந்து, நீயும் கண்ணை மூடிக்கொள்கிறாய். அந்தக் கூடத்தில் திறந்திருந்தது ஒரு ஜோடிக் கண். அதையும் மூட வைத்தது நான்.

என் கையைப் பிடித்து யாரும் தள்ளச் சொல்லவில்லை. மேய்ப்பர் அன்றைக்கு அந்தக் கூடத்திலேயே இல்லை, உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்திருந்தார். ஆகவே அவர் மேல் பழியைப் போட எனக்கு வழியில்லை. தள்ளியது என் கை.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் என்று இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் என் மேல் இரக்கப்பட்டார்கள். நேற்று ஜாய்ஸுக்குப் போன் செய்து, "நான் சொன்னது தப்பு, அவ கூப்பிட்டா, நான்தான் போகல" என்றேன். நோலீனிடமும் சொன்னேன். ஹோபார்ட்டில் இருக்கும் உன் சித்தியிடமும் சொன்னேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. இன்னும் மூன்று பேர் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

மேவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது உன் மனது. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

லோர்னா


பிளஃப்
27 ஜூன் 2018

அம்மா,

ஜாய்ஸ் போன் செய்தாள். "பெரியம்மா வாயிலேர்ந்து இப்படி ஒரு பேச்சு வரும்னு நான் கனவுலயும் நெனக்கல" என்று பத்து நிமிஷம் பேசினாள். கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. படித்துவிட்டுத் தமாட்டியிடம் கொடுத்தேன். அவர் வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். இதைப் படித்ததும் எழுந்துபோய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

இருபத்தைந்து வருஷமாக அது நடிப்பில்லை என்று தெரிந்த சாட்சி நான் ஒருத்திதான் என்று இருந்தேன். சில சமயம், நீ எழுதின மாதிரி, நான்தான் கற்பனை பண்ணிக்கொண்டேனோ என்றுகூடத் தோன்றும். இப்போது இரண்டு பேர் பார்த்திருக்கிறோம். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதத் தெரியவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், போகவில்லை. நீ சட்டையை நீவி விட்டுக்கொண்டதை நான் கவனித்ததே இல்லை, அதற்கும் சேர்த்து இப்போது கோபம் வருகிறது. ஆனால் இது நேரில் உட்கார்ந்து சண்டை போடக்கூடிய கோபம்.

ஆகஸ்ட் கடைசியில் சிப்பிப் பருவம் முடிகிறது. செப்டம்பர் முதல் வாரம் வா. மெல்போர்னிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் விமானம் மாற வேண்டும். அங்கிருந்து இன்வர்கார்கிலுக்கு ஒரு சின்ன விமானம், நன்றாக ஆட்டும், பயப்படாதே. பாஸ்போர்ட்டுக்கு இப்போதே எழுதிப் போடு. நல்ல கோட்டு எடுத்து வா, இங்கே காற்று ஆளைத் தூக்கும். டிவிடி வேண்டாம். வெளியே எங்கும் தங்க வேண்டாம், பின்னறையைத் தமாட்டி காலி பண்ணிக்கொண்டிருக்கிறார்.

மேவிடம் சொல்லிவிட்டேன். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஓயமாட்டாள்.

"எனக்கு இன்னொரு பாட்டி இருக்காங்கன்னு ஏம்மா சொல்லவே இல்ல? அவங்க ஏன் இவ்ளோ நாளா வரல?"

"அவங்க கண்ணை மூடிக்கிட்டிருந்தாங்க."

"இவ்ளோ நாளாவா? யாரு மூடச் சொன்னா?"

"ஒரு ஆளு."

"அந்த ஆளு சொன்னா மூடிடறதா? சரி, இப்ப யாரு தொறக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்களேதான் தொறந்தாங்க."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். புது ஆட்கள் வந்தால் அவள் எதிரில் வந்து நின்றுகொண்டு இமைக்காமல் உற்றுப் பார்ப்பாள். பேசவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். பெரியவர்கள் ரொம்ப நேரம் தாங்க மாட்டார்கள், சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். நீ திரும்பாதே அம்மா. அவள் பார்க்கிறவரைக்கும் நீயும் அவளைப் பார்.

ஹெஸ்டர்